டோ: நடிப்புக் குறிப்பாகப் பிறந்த சொல்

டோ. உணர்ச்சி இடைச்சொல். நினைத்தது நடக்காமல் போகும்போதும், தான் செய்த மடத்தனம் தனக்கே உறைக்கும்போதும் வாயிலிருந்து தெறிக்கும் ஒலி.

ஏறக்குறைய இந்தப் பொருளில்தான் 2001இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இதைத் தன் இணையப் பதிப்பில் சேர்த்துக்கொண்டது. எதிரில் இருப்பவர் அசட்டுத்தனமாக ஏதோ சொல்லிவிட்டார் என்று குத்திக்காட்டவும் இது பயன்படும் என்று இரண்டாவது பொருள் ஒன்றும் அங்கே உண்டு. அந்தப் பதிவுக்குக் காரணம் மஞ்சள் நிறத்தில் வரைந்த ஒரு கார்ட்டூன் குடும்பத் தலைவர். 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் ஹோமர் சிம்ப்சன், அணுமின் நிலையத்தில் வேலை பார்ப்பவர். தொட்ட காரியமெல்லாம் சொதப்பும். ஒவ்வொரு சொதப்பலுக்கும் ஒரு 'டோ!'

ஒரு பாத்திரம் திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்டதுமே அந்தப் பாத்திரத்தின் முகம் நம் மனசில் வந்து நிற்கும்படி செய்யும் சொல்லை முத்திரைச் சொல் எனலாம். 'பஞ்ச் டயலாக்' என்று நாம் சொல்வது வேறு. அது எழுதி, யோசித்து, கைதட்டலுக்காக வைக்கும் வரி. 'டோ' யாரும் எழுதி வைத்த வசனமே இல்லை.

இந்தக் குடும்பம் 1987இல் அமெரிக்காவின் 'ட்ரேசி உல்மன் ஷோ'வில் சின்னச் சின்னத் துணுக்குகளாக வந்தது. தனித் தொடரானது 1989 டிசம்பரில். துணுக்குக் காலத்துக் கதைவசனத் தாளில், ஹோமர் கடுப்பாகும் இடத்தில் 'எரிச்சல் முனகல்' என்று மட்டும் ஒரு நடிப்புக் குறிப்பு இருந்தது. ஹோமருக்குக் குரல் கொடுத்த டான் காஸ்டலனெட்டா, அது எப்படிப்பட்ட ஒலி என்று தொடரை உருவாக்கிய மேட் கிரேனிங்கிடம் கேட்டார். உங்களுக்குத் தோன்றியதைச் செய்யுங்கள் என்று விட்டுவிட்டார் கிரேனிங்.

காஸ்டலனெட்டாவுக்கு அப்போது நினைவுக்கு வந்தவர் ஜேம்ஸ் ஃபின்லேசன். லாரல் ஹார்டி படங்களில் வழுக்கைத் தலையும் பெரிய மீசையுமாய், ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முறைப்பாரே, அந்த ஸ்காட்லாந்துக்காரர். கோபம் வந்தால் 'டோ...ஓ...ஓ' என்று நீட்டி இழுப்பார். படத்தில் 'டேம்' என்ற வசவைச் சொல்ல முடியாது. அதன் முதல் எழுத்தோடு நிறுத்தி, மிச்சத்தை முனகலாக்கிவிடுவார். காஸ்டலனெட்டாவும் அப்படியே இழுத்தார். கார்ட்டூனின் வேகத்துக்கு அந்த நீளம் தாங்காது, சுருக்குங்கள் என்றார் கிரேனிங். சுருங்கியபோதுதான் வெடுக்கென்ற அந்த வெட்டு வந்தது. வாய்வரை வந்த வசவைக் கடித்து விழுங்கிய மிச்சம் இது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் சொல்லின் சுவை பிடிபடும்.

பின்னாளில்கூடத் தொடரின் தாள்களில் அது 'எரிச்சல் முனகல்' என்றே இருந்தது. சில அத்தியாயங்களின் தலைப்பிலும் 'டோ' வர வேண்டிய இடத்தில் அந்தக் குறிப்பையே போட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஹோமருக்கு முன்பே இந்தச் சொல்லுக்குச் சான்று இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு தரும் மிகப் பழைய மேற்கோள் 1945ஆம் ஆண்டைச் சேர்ந்தது, பிபிசி வானொலியில் போர்க்காலத்தில் பெரும்புகழ் பெற்ற 'இட்மா' என்னும் நகைச்சுவை நிகழ்ச்சியிலிருந்து எடுத்தது. அதாவது சிம்ப்சன்ஸ் சொல்லைப் பெற்றெடுக்கவில்லை, வளர்த்து ஊரறியச் செய்தது. அகராதி வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஊரே ஒருவர் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்ட சொத்துக்குக்கூட அகராதிக்காரர் மூலப்பத்திரம் தேடிப் போகிறார்.

தொலைக்காட்சியில் பிரபலமானால் மட்டும் அகராதியில் இடம் கிடைத்துவிடாது. அந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேசாதவர்கள், தங்கள் சொந்தச் சங்கதியைச் சொல்லும்போது, பொருள் விளக்காமலே அந்தச் சொல்லை எழுத வேண்டும். பல பேர், பல இடங்களில், பல ஆண்டுகள். 'ஹோமர் சொல்வதுபோல டோ' என்று எழுதினால் அது இன்னும் மேற்கோள்தான். 'கடவுச்சொல்லை மறந்துவிட்டேன், டோ!' என்று எழுதும்போது அது சொல்லாகிவிடுகிறது.

அதே தொடரிலிருந்து வேறு சொற்களும் ஏறியிருக்கின்றன. 1996இல் ஓர் அத்தியாயத்துக்காகக் கேலியாகக் கட்டிய 'எம்பிகன்' என்ற சொல்லை மெரியம் வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதி 2018இல் சேர்த்தது. 'பிக்' என்பதற்கு முன்னும் பின்னும் ஒட்டுப் போட்டு, பெரிதாக்கு என்ற பொருளில் செய்த சொல். 1884லேயே ஒருவர் இதே சொல்லைக் கட்டியிருக்கிறார் என்பது தனிக்கதை. தமிழில் 'பெருக்கு' என்று சொன்னால் துடைப்பத்தை எடுத்துவிடுவார்கள், 'பெரிசாக்கு' போதும். 'மெஹ்' என்ற அலட்சிய ஒலியைக் காலின்ஸ் அகராதி 2008இல் ஏற்றது. அதைப் பரப்பியதிலும் சிம்ப்சன்ஸுக்குப் பங்குண்டு. நம் ஊரில் படம் எப்படி என்று கேட்டால் உதட்டைப் பிதுக்கி 'ப்ச், சுமார்' என்போமே, அது.

இனி 'டோ'வுக்குத் தமிழ். முதலில் எழுத்து. டகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பது இலக்கணம். அதனால் 'தோ' என்று எழுதிவிடலாமா என்றால் கூடாது. 'தோ பார்' என்றால் இதோ பார். 'தோ தோ' என்றால் நாயைக் கூப்பிடுகிறோம். வேற்றொலி என்று தெரியும்படி 'டோ' என்றே எழுதுவது நல்லது. இலக்கண வகையைப் பொறுத்தவரை, சில பாடநூல்கள் 'வியப்பிடைச்சொல்' என்கின்றன. இங்கே வியப்பைவிட நொந்துகொள்வதுதான் அதிகம். 'உணர்ச்சி இடைச்சொல்' என்பதே பொருந்தும்.

பொருளுக்கு வருவோம். மொழிபெயர்ப்புகளில் இந்த மாதிரி இடங்களிலெல்லாம் 'ஐயோ' என்று போட்டுவிடுகிறார்கள். அது எனக்கு உறுத்துகிறது. அடுப்பில் பால் வைத்துவிட்டு, பொங்கும்வரை கண் எடுக்காமல் நின்று, கடைசி நொடியில் காலிங் பெல் சத்தத்துக்குத் திரும்புகிறோம். பால் வழிந்து அடுப்பெல்லாம் ஓடுகிறது. என்ன சொல்கிறோம்? 'அடச்சே!' அந்தப் பால் கையில் கொட்டியிருந்தால்தான் 'ஐயோ'. அதில் பல்லி விழுந்து கிடந்தால் 'சீ'. ஒரே பால், மூன்று சொல். ஐயோவில் வலி அல்லது பயம், சீயில் அருவருப்பு, சேயில் தன்மேலேயே வரும் சலிப்பு. எந்தத் தமிழ்த் தாயும் இவற்றை மாற்றிச் சொல்ல மாட்டார்.

'டோ'வுக்கு நேர் தமிழ் 'அடச்சே' என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அட, சே என்று அதில் இரண்டு படி இருக்கிறது. 'அட' என்னும்போது நடந்தது புத்தியில் உறைக்கிறது. 'சே' என்னும்போது நொந்துகொள்கிறோம். ஆக்ஸ்ஃபோர்டு அத்தனை சொற்களில் விளக்கும் உணர்ந்து நோதலை நம் சொல் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. ஹோமரின் வாய் அசையும் நேரத்துக்குள் அடங்காவிட்டால், டப்பிங்கில் வெறும் 'ச்சே!' போதும். வாயே திறக்காமல் நாக்கைக் கடித்துக்கொள்வதும் நெற்றியில் தட்டிக்கொள்வதும் நம்மிடம் இதே பொருள்தான்.

வடிவேலுவின் 'வடை போச்சே' பக்கத்தில் வருகிறது. ஆனால் அதற்குக் கைக்கு எட்டிய ஏதோ ஒன்று நழுவியிருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடியவர், கண்ணாடி முன் நின்றதும் 'வடை போச்சே' என்று சொல்ல மாட்டார், 'அடச்சே' என்பார். இரண்டாவது பொருளுக்கு, அதாவது அடுத்தவரைக் குத்தும்போது, 'அடச்சே' உதவாது. அங்கே 'அட மக்கு!' அல்லது, கொஞ்சம் மரியாதையாக, 'இதுகூடவா தெரியாது?'