கிராம சபைத் தீர்மானம் ஏன் பதிவேட்டைத் தாண்டுவதில்லை?

தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு கிராம ஊராட்சியின் தீர்மானப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். "கிழக்குத் தெருவில் சாலை வசதி, குடிநீர் வசதி, தெருவிளக்கு வசதி செய்து தர ஆவன செய்யுமாறு அரசைக் கேட்டுக்கொள்ளத் தீர்மானிக்கப்படுகிறது" என்ற வரி கூட்டத்துக்குக் கூட்டம் திரும்ப வரும். கீழே "ஏகமனதாக நிறைவேறியது". ஊரிலோ, "எத்தனை தீர்மானம் போட்டும் ஒண்ணும் நடக்கல" என்ற புலம்பல். அந்தப் புலம்பலில் நியாயம் உண்டு. ஆனால் அதே வரியை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் உள்ள ஓர் உதவியாளரின் மேசையில் வைத்துப் பாருங்கள். எந்தக் குக்கிராமத்துக் கிழக்குத் தெரு? சாலை யாருடையது? எத்தனை மீட்டர்? குடிநீர் வரவில்லையா, போதவில்லையா? அவரால் செய்ய முடிந்தது கோப்பில் சேர்ப்பது மட்டுமே. ஊரைப் பார்த்திராத ஒருவர் படித்துவிட்டு, அதை வைத்தே அடுத்த கடிதத்தை எழுதும்படி இருந்தால்தான் தீர்மானம் நகரும்.

முதலில் அதிகாரத்தின் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் பிரிவு 3 கிராம சபைக்கு, அதாவது ஊராட்சியின் வாக்காளர்கள் அனைவரும் கூடும் சபைக்கு, தந்திருப்பவை இவை: ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையை ஏற்பது, திட்டங்கள் நடக்கும் விதத்தைச் சீராய்வது. கட்டட அனுமதி, தொழில் உரிமம், ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனியாக ஒப்புதல் போன்றவை கிராம சபையிடம் இல்லை. அவை ஊராட்சி மன்றத்தின், அதாவது தலைவரும் வார்டு உறுப்பினர்களும் கூடும் கூட்டத்தின், கையிலும் அதற்கு மேல் உள்ள அலுவலர்களின் கையிலும் இருக்கின்றன. கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று 2003 ஏப்ரலில் முடிவெடுத்தது பெருமாட்டி ஊராட்சியின் நிர்வாகக் குழு. உரிமம் தருவது அதன் அதிகாரம் என்பதால்தான் அந்த முடிவு நீதிமன்றம்வரை போக முடிந்தது.

ஒடிசாவின் நியமகிரியிலும் இதே கதைதான். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பாக்சைட் சுரங்கம் குறித்து முடிவு செய்யும்படி கிராம சபைகளைக் கேட்டது. 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. காரணம், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கென்று தனி அதிகாரம் கொடுத்திருந்தது. ஏகனாபுரம் மக்கள் பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக 2022 முதல் திரும்பத் திரும்பத் தீர்மானம் நிறைவேற்றியும் நில எடுப்பு நிற்கவில்லை. அங்கே கிராம சபையின் சம்மதம் சட்டப்படியான நிபந்தனையாக இல்லை. மேலூர் வட்டார ஊர்கள் 2024 இறுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அது தீர்மானத்தின் சட்ட வலிமையால் மட்டும் நடந்ததல்ல. போராட்டமும் சட்டமன்றத் தீர்மானமும் சேர்ந்து தந்த அழுத்தம் அது. ஆகவே "கிராம சபைத் தீர்மானம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்" என்று சுற்றும் வாட்ஸ்அப் செய்தியை நம்பிக்கொண்டு உட்கார வேண்டாம். எதற்கும் உதவாது என்று ஒதுக்கவும் வேண்டாம். சொத்து, சாலை, தண்ணீர், கணக்கு ஆகிய அன்றாட விஷயங்களில் சரியாக எழுதிய தீர்மானத்துக்கு நல்ல பலம் உண்டு.

எழுதும் முறைக்கு வருவோம். ஒரு தீர்மானத்தில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும். சாலையையும் விளக்கையும் குடிநீரையும் ஒரே எண்ணில் அடைத்தால் மூன்று துறைக்கும் ஒரே நகல் போகும், மூவரும் இது மற்றவர் வேலை என்று விட்டுவிடுவார்கள். இதைத் தவிர்க்க, சொத்து யாருடையது என்பதை முன்பே பார்த்துவிட வேண்டும். ஊருக்குள் போகும் சாலை ஊராட்சிச் சாலையாக இருக்கலாம், ஒன்றியச் சாலையாக இருக்கலாம், நெடுஞ்சாலைத் துறையின் இதர மாவட்டச் சாலையாகவும் இருக்கலாம். ஊராட்சிச் சாலை என்றால் "அமைக்கத் தீர்மானிக்கப்படுகிறது" என்று எழுதலாம். நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் உதவிக் கோட்டப் பொறியாளருக்குக் கோரிக்கையாகத்தான் எழுத முடியும். ஏரி, குளத்திலும் இப்படித்தான். 40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்த பாசனக் குளம் ஊராட்சி ஒன்றியத்திடம், ஊருணியும் குட்டையும் ஊராட்சியிடம். தூர்வாரக் கேட்டு மூன்று ஆண்டுகள் தவறான அலுவலகத்துக்கு மனு போட்டுக்கொண்டிருக்கும் ஊர்கள் ஒன்றிரண்டல்ல.

அடுத்தது அடையாளம். நிலம் சம்பந்தப்பட்டது என்றால் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் உள்ள வகைப்பாடு இவை நான்கும் தீர்மானத்தின் வாசகத்திலேயே வர வேண்டும். 'அ' பதிவேட்டு விவரத்தையும் புலப்படத்தையும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) வருவாய்த் துறையின் இணைய சேவைத் தளத்தில் எடுத்து இணைக்கலாம். தெருவிளக்கு என்றால் மின்கம்ப எண், சாலை என்றால் தொடக்கமும் முடிவும் மீட்டரில்.

குடிநீருக்குக் கணக்கு போட்டுக் காட்டுவது நல்லது. ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 800 பேர் உள்ள குக்கிராமத்துக்கு 44,000 லிட்டர் வேண்டும். அங்கே இருப்பது 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி, அதையும் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் நிரப்புகிறார்கள் என்றால் 14,000 லிட்டர் பற்றாக்குறை. இதை எழுதிவிட்டு, "தொட்டியை நாளொன்றுக்கு இரு முறை நிரப்பவும், ஆழ்துளைக் கிணற்றின் நீர்வரத்தை அளந்து அடுத்த கூட்டத்தில் தெரிவிக்கவும்" என்று முடித்தால், புதுத் தொட்டிக்கு நிதி இல்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. பல இடங்களில் உண்மையான கோளாறு தொட்டியின் அளவில் இருப்பதில்லை. பழுதான மோட்டாரிலும், கடைக்கோடிக்கு எட்டாத குழாயிலும், தெருவில் திறந்தே கிடக்கும் இணைப்புகளிலும்தான் இருக்கிறது.

ஆக்கிரமிப்பைப் பற்றிய தீர்மானத்தில் ஆட்களின் பெயரை எழுதாமல் இடத்தை எழுதுங்கள். பெயரை எழுதினால் ஊர்ப்பகை என்று ஒதுக்கிவிடுவார்கள். அரசுப் புறம்போக்கில் நடவடிக்கை எடுக்க வேண்டியவர் வட்டாட்சியர், சட்டம் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். "சர்வே எண் இன்னதில், வண்டிப்பாதைப் புறம்போக்கில், வடமேற்கு மூலையில் சுமார் இத்தனை சென்ட் தடைபட்டுள்ளது, நில அளவர் மூலம் அளந்து நோட்டீஸ் வழங்க வட்டாட்சியரைக் கோருகிறது" என்றால் போதும். அந்த இடத்துக்கு ஏற்கெனவே 'பி மெமோ' (ஆக்கிரமிப்பைப் பதிவுசெய்யும் வருவாய்த் துறைக் குறிப்பு) போட்டிருக்கிறார்களா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இப்போது பெருநகரங்களை ஒட்டிய ஊராட்சிகள் எல்லாவற்றிலும் இருக்கும், ஆனால் கிராம சபையில் அநேகமாக யாருமே கேட்காத ஒரு விஷயம்: மனைப்பிரிவுகளின் பொது இடம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மிஞ்சும் பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக விட்டு, அந்த இடத்தையும் சாலைகளையும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதித் தர வேண்டும். 5 ஏக்கர் மனைப்பிரிவில் சாலை போக 15,000 சதுர மீட்டர் மிஞ்சினால் பொது இடம் 1,500 சதுர மீட்டர், ஏறக்குறைய 37 சென்ட். புறநகர் விலையில் அது எத்தனை லட்சம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தவறு நடக்கும் விதம் எப்போதும் ஒன்றுதான். தானப் பத்திரம் பதிவாகிவிடும், ஆனால் பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டிலும் ஏறாது. வேலி இருக்காது. பத்து வருடம் கழித்து வரைபடத்தில் 'பூங்கா' என்றிருந்த இடத்தில் இரண்டு மனைகள் விற்பனையாகியிருக்கும், வாங்கியவர் கையில் பட்டாவும் இருக்கும்.

இதற்குக் கிராம சபையில் கேட்க வேண்டியது ஒரு பட்டியல்: ஊராட்சி எல்லைக்குள் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு மனைப்பிரிவின் அனுமதி எண், பொது இடத்தின் சர்வே எண், தானப் பத்திர எண், பட்டா யார் பெயரில் உள்ளது என்ற விவரம். பட்டா மாறாதவற்றை ஊராட்சி பெயருக்கு மாற்ற வட்டாட்சியருக்கு விண்ணப்பிக்கவும், நான்கு மூலையிலும் கல் நட்டு அறிவிப்புப் பலகை வைக்கவும் தலைவரைப் பணிக்கும் தீர்மானத்தைப் போடலாம். இது முழுக்க ஊராட்சியின் சொந்தச் சொத்து. பட்டா மாற்றம் தவிர மேலிடத்தின் தயவு தேவையில்லை. வேலியும் பலகையும் வைக்கப் பெரிய நிதியும் வேண்டாம்.

நிதி என்றதும் காலமும் பார்க்க வேண்டும். 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எல்லாக் கூட்டமும் ஒன்று போலத் தோன்றும், அப்படியல்ல. அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாராவது அக்டோபர் 2-ஐ ஒட்டித்தான். அப்போது பட்டியலில் ஏறாத வேலையை மே மாதம் கேட்டால் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பதே பதில். 15-ஆவது நிதி ஆணைய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போடப்பட்டிருந்தது. அந்தப் பணத்தில் சமுதாயக்கூடம் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது, வடிகால் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். எந்த நிதியில் என்ன செய்யலாம் என்று ஊராட்சிச் செயலரிடம் கூட்டத்துக்கு முன்பே கேட்டுவையுங்கள். கணக்குக்கு, ஊராட்சியின் வரவு செலவைக் காட்டும் படிவம் 30-ஐச் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து ஒப்புதல் பெற வேண்டியது வழக்கமான பொருள்தான், வேகமாக நழுவிவிடும் பொருளும் அதுவே.

கூட்ட நாளில் கவனிக்க வேண்டியவை சில. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை. தண்டோரா போடுவதற்கு 2022-இல் தடை வந்த பிறகு அறிவிப்பு ஒலிபெருக்கி ஆட்டோவிலும் பலகையிலும்தான். அது எல்லாக் குக்கிராமத்துக்கும் போகிறதா என்று பாருங்கள், குறிப்பாகப் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிக்கு. இடத்தைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும், வழிபாட்டுத் தல வளாகத்தில் நடத்தக் கூடாது என்று இருப்பதெல்லாம் யாரும் வெளியே நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை கையெழுத்தில் இருக்கிறது. வந்ததும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, தீர்மானங்களைப் பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுவது பரவலான பழக்கம். பேசியது ஒன்றும் எழுதியது ஒன்றுமாகப் போவது இப்படித்தான். உங்கள் தீர்மான வாசகத்தை வீட்டிலேயே எழுதி இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைச் செயலரிடம் கொடுத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, எழுதியதைச் சத்தமாக வாசிக்கக் கேளுங்கள். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே வெற்று வரிகள் இருந்தால் குறுக்குக் கோடு போடச் சொல்லுங்கள். பதிவேட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

பிறகு நகல். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி விண்ணப்பிக்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். யாருக்கு எழுதுவது என்று குழம்ப வேண்டாம். வட்டார வளர்ச்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால், தம்மிடம் இல்லாததை உரியவருக்கு 5 நாளில் அவரே மாற்றி அனுப்ப வேண்டும். இங்கே ஒரு சின்ன விஷயம். ஒவ்வோர் ஒன்றியத்திலும் வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருவர்: ஒருவர் 'வட்டார ஊராட்சி', மற்றவர் 'கிராம ஊராட்சி'. கிராம சபை சம்பந்தப்பட்டவை இரண்டாமவருக்கு. உறையில் அடைப்புக்குறிக்குள் அதை எழுதாமல் விட்டால் கடிதம் தவறான மேசைக்குப் போய்விடும். நகல் கைக்கு வந்ததும் ஒரு பிரதி அவருக்கு, ஒன்று மாவட்ட ஆட்சியரகத்தின் உதவி இயக்குநர் (ஊராட்சிகள்) அவர்களுக்கு, ஒன்று சம்பந்தப்பட்ட துறைக்கு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். நாளை உயர் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால், தீர்மான நகலும் ஒப்புகைச் சீட்டும் இருந்தால்தான் வழக்கறிஞரால் எதையாவது தொடங்க முடியும்.

சில தீர்மானங்களைப் போடவே கூடாது. ஒரு குடும்பத்தை ஊர்விலக்கு செய்வது, கோயில் மரியாதையை யாருக்குத் தருவது என்று முடிவுசெய்வது, ஊராட்சிப் பதவியை ஏலம் விடுவது எல்லாம் கிராம சபையின் பெயரால் நடந்தாலும் செல்லாது. போட்டவர்கள் மேல் வழக்கு வரவும் கூடும். சட்டத்துக்கு முரணான தீர்மானத்தை ரத்து செய்யும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு உண்டு.

28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லாத காலத்தில் கிராம சபைக்கு வேலை இல்லை என்று நினைத்துக் கூட்டத்துக்கே போகாதவர்கள் உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் உறுப்பினர் என்பதால் சபை கலைவதே இல்லை. தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்தில் "தலைவரைக் கேட்டுக்கொள்கிறது" என்று பழைய படிவத்தைப் பார்த்து எழுதாமல் "தனி அலுவலரைக் கேட்டுக்கொள்கிறது" என்று எழுதுங்கள். சென்ற ஆறு கூட்டங்களின் தீர்மானங்கள் மீது எடுத்த நடவடிக்கை என்ன என்பதையே முதல் பொருளாக வைக்கச் சொல்லுங்கள்.