கிராண்ட் பிரீ: பரிசு ஓட்டமான கதை

நவம்பர் வந்தால் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் "மக்காவு கிராண்ட் பிரிக்ஸ்" என்று சின்னதாக ஒரு செய்தி வரும். அதே பத்திரிகையின் உலகச் செய்திகளில், பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா முதலான நாடுகள் கூடும் "பிரிக்ஸ் மாநாடு" அடிக்கடி வரும். திருகோணமலை உவர்மலையில் ஒரு சலூனில் முறைக்குக் காத்திருந்த பெரியவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "தம்பி, இந்தப் பிரிக்ஸ் நாடுகள் கார் றேஸும் நடத்துதோ?" என்று கேட்டார். அவரில் பிழை இல்லை. அச்சடித்தவர்கள்தான் இரண்டு சொல்லையும் ஒன்றாக்கி வைத்திருக்கிறார்கள்.

கார் ஓட்டத்தின் பெயராக வருவது பிரெஞ்சுச் சொற்றொடர். 'கிராண்ட்' என்றால் பெரிய, 'பிரீ' என்றால் பரிசு. எழுதும்போது கடைசியில் எக்ஸ் என்ற எழுத்து வரும், வாயில் வராது. முதற்சொல்லின் இறுதி 'ட்' கூட அவர்கள் பேச்சில் கேட்காது, 'கிரான் பிரீ' என்றுதான் சொல்வார்கள். நாம் ஆங்கிலம் வழியாக எடுத்ததால் 'கிராண்ட் பிரீ' என்று எழுதலாம். ஈழத்து எழுத்து வழக்கில் 'கிறாண்ட் பிறீ' என்றாலும் சரி. 'பிரிக்ஸ்' மட்டும் வேண்டாம்.

பிரெஞ்சில் 'பிரீ' என்பதற்கு விலை என்றும் பொருள் உண்டு. ஆங்கிலத்தில் விலைக்கும் பரிசுக்கும் இரண்டு 'பிரைஸ்' இருக்கின்றனவே, அவையும் இதுவும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. 'பிரீ'யும் 'பரிசு'வும் காதுக்குக் கிட்டக் கிட்ட ஒலிக்கின்றன என்பதால் தமிழிலிருந்து போனது என்று யாராவது கிளம்பிவிடக்கூடாது. அது வெறும் ஒலி ஒற்றுமை.

சரி, பெரிய பரிசு என்ற சொல் ஓட்டத்தின் பெயரானது எப்படி? காருக்கு முன் குதிரை. 1863இல் பாரிஸின் லோன்ஷாம் திடலில் 'கிராண்ட் பிரீ த பாரி' என்ற குதிரைப் பந்தயம் தொடங்கியது. வென்றவர் வாங்கும் தொகையைக் குறித்த சொல், போகப்போக அந்த ஓட்டத்தையே குறித்தது. பள்ளிக்கூடத்தில் ஆகுபெயர் என்று படித்தோமே, அதேதான். 1901இல் தென்மேற்குப் பிரான்சின் போ நகரில் நடந்த கார் ஓட்டத்தோடு இந்தப் பெயர் மோட்டார் உலகத்துக்குள் வந்தது.

அந்த நாட்களில் கார்கள் ஓர் ஊரில் புறப்பட்டு இன்னோர் ஊருக்கு ஓடின. பாதையோரத்தில் சனம், நாய், மாட்டுவண்டி எல்லாம் இருக்கும். 1903இல் பாரிஸிலிருந்து மட்ரிட்டுக்குப் புறப்பட்ட ஓட்டத்தில் ஓட்டுநர்களும் பார்க்க வந்தவர்களும் இறந்தார்கள். ரெனோ நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோவும் அதில் இறந்துபோனார். பிரெஞ்சு அரசு போர்தோ நகரிலேயே ஓட்டத்தை நிறுத்திவிட்டது. ஊர் விட்டு ஊர் ஓடுவதைக் கைவிட்டு, ஆளில்லாமல் அடைத்த பாதையில் சுற்றிச் சுற்றி ஓடுவது பெருவழக்கானதற்கு அந்தச் சாவுகள் முக்கிய காரணம்.

1906 ஜூன் 26, 27இல் ல மான் நகருக்கு வெளியே பிரெஞ்சு மோட்டார் கழகம் நடத்திய கிராண்ட் பிரீ அப்படிப்பட்டது. ஒரு சுற்று 103 கிலோமீற்றர். நாளுக்கு 6 சுற்றாக மொத்தம் 12. சென் கலே என்ற ஊருக்குள் போகாமல் இருக்க, ஊரைச் சுற்றிப் பலகை அடித்தே தனிப் பாதை போட்டார்கள். ஹங்கேரியரான ஃபெரென்ஸ் சிஸ் ரெனோ காரில் வென்றார். பரிசு 45,000 பிராங். அன்றைய பிராங்கின் தங்க மதிப்பில் பார்த்தால் 13 கிலோ தங்கம். 'பெரிய' என்ற அடைமொழி அன்றைக்கு வெறும் அலங்காரம் இல்லை.

பிறகு சொல் எல்லா இடத்துக்கும் ஓடியது. இன்று கிராண்ட் பிரீ என்றதும் ஃபார்முலா 1தான் நினைவுக்கு வருகிறது, ஆனால் அந்த உலகப் போட்டித் தொடர் 1950இல்தான் தொடங்கியது. பெயர் அதைவிட மூத்தது. எந்த வகைக் கார் ஓட வேண்டும் என்பதையும் இந்தப் பெயர் சொல்லாது. 1929 ஏப்ரல் 14இல் அந்தோனி நோகேஸின் முயற்சியால் தொடங்கிய மொனாக்கோ கிராண்ட் பிரீ, 1952இல் சக்கரத்துக்கு மூடி போட்ட ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு மட்டுமே நடந்தது. விட்டோரியோ மர்சோட்டோ ஃபெராரியில் வென்றார். பழைய கிராண்ட் பிரீ வீரர் லூயிஜி ஃபாஜியோலி பயிற்சியில் மோதி, சில வாரங்களில் இறந்தார்.

சீனக் கரையோரத்து மக்காவு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. போர்த்துக்கேயரை நமக்குத் தெரியாதா என்ன? இங்கே கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியவர்கள், அங்கே 1999 வரை ஆட்சியிலேயே இருந்தார்கள். 1954இல் அந்த ஊர்க் கார்ப் பிரியர்கள் சிலர் புதையல் தேடும் விளையாட்டு ஒன்றைத் தெருக்களில் நடத்த நினைத்தார்கள். அதுவே வளர்ந்து அக்டோபர் 30, 31இல் பந்தயமாக முடிந்தது. எதுவார்தோ த கர்வால்யோ என்பவர் ட்ரையம்ப் டி.ஆர்.2 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் முதல்முறை வென்றார். 1983இல் முதன்மை ஓட்டம், சக்கரம் மூடாத ஒற்றை இருக்கைக் கார்களான ஃபார்முலா 3 வகைக்கு மாறியது. அந்த ஆண்டு வென்றவர் அயர்டன் சென்னா, 1990இல் மைக்கேல் ஷூமாக்கர்; இருவரும் பின்னாளில் ஃபார்முலா 1 உலக வாகையர். ஆனாலும் கூரை போட்ட ஸ்போர்ட்ஸ் கார்கள் இப்போதும் அதே வார இறுதியில் தனியாக ஓடுகின்றன.

பாதையின் பெயர் கியா. 1865இலிருந்து வெளிச்சவீடு நிற்கிற குன்றின் பெயர் அது. சுமார் 6 கிலோமீற்றர் நீளம், ஒரு பக்கம் கடல்மட்டத்து நேர்வீதி, மறுபக்கம் குன்றின் ஏற்ற இறக்கம். மெல்கோ என்ற வளைவில் பாதை 7 மீற்றர்தான். அங்கே முந்த விடமாட்டார்கள். சற்றுமுன் மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்டிப் பறந்த கார்கள் ஸ்டியரிங்கை முழுக்க மடக்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து திரும்பும். இதற்குத் தமிழில் சொல் தேட வேண்டியதில்லை, மலைப்பாதை போகிற எல்லாரும் சொல்கிற கொண்டை ஊசி வளைவுதான்.

இப்படி ஊர் வீதியையே அடைத்து ஓடும் தடத்தை என்னவென்று சொல்வது? சிவராத்திரிக்குப் பிறகு கோணேசப் பெருமான் நகர்வலம் வரும்போது நம் வீதிகள் சில மணி நேரம் வாகனத்துக்கு இல்லாமல் சாமிக்கு ஆகிவிடும். மறுநாள் அதே வீதியில் ஓட்டோ ஓடும். இதுவும் அப்படித் தற்காலிகமாக மாறிக்கொள்ளும் வீதி. 'சுற்று' என்றால் குழப்பம், ஒரு தரம் சுற்றி வருவதற்கும் அதுவே பெயர். ஆகவே ஒரு தரம் வந்தால் சுற்று, வருகிற தடம் வீதிச் சுற்றுப்பாதை. தமிழ்நாட்டில் கோள்கள் போகும் வழியைச் சுற்றுப்பாதை என்பார்கள், நம் பாடப்புத்தகத்தில் அது ஒழுக்கு என்பதால் இங்கே இடறாது. சென்னையில் 2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீற்றரில் இரவு ஓட்டம் வைத்தார்களே, அதுவும் இந்த வகை. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை ஓட்டம் இதில் சேராது. அது மலையேற்றம், தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வராது.

இனி முக்கியமான சொல், கிராண்ட் பிரீயைத் தமிழில் என்னவென்று சொல்வது? 'பெரும் பரிசு' என்று நேரே மொழிபெயர்த்தால் லொத்தர் சீட்டு விழுந்த மாதிரி இருக்கிறது. ஆனால் 'பந்தயம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். "பந்தயம் பிடிப்பமா?" என்று கேட்கும்போது அது ஓட்டமா? இல்லை. தோற்றவர் கொடுக்க வேண்டிய பணையம். தெலுங்கில் 'பந்தெம்' இன்றும் பணையம்தான், சங்கராந்திக்கு அங்கே நடக்கும் சேவற்சண்டைக்கு 'கோடி பந்தெம்' என்று பெயர். பணையம் வைத்து ஓடிய ஓட்டமும் தமிழில் பந்தயமாகி, குதிரைப் பந்தயம், தோணிப் பந்தயம் என்று நிலைத்துவிட்டது. பிரெஞ்சுக்காரன் 'பிரீ'யை வைத்துச் செய்த ஆகுபெயரை நாம் தனியாகச் செய்து முடித்திருக்கிறோம். எனவே என் தேர்வு 'பெரும்பந்தயம்'. குறிப்பிட்ட ஓட்டத்தின் பெயராக வரும்போது மொனாக்கோ கிராண்ட் பிரீ, மக்காவு கிராண்ட் பிரீ என்றே விடலாம். பொதுவாகச் சொல்லும்போது, "இந்த ஆண்டின் பெரும்பந்தயங்கள்" என்று எழுதுங்கள். இடிக்கவில்லை, பாருங்கள்.

யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பக்கம் மாட்டுவண்டிக்குச் சொல்கிற 'சவாரி'யை ஏன் எடுக்கக்கூடாது என்று நண்பர் ஒருவர் கேட்டார். அழகான சொல்தான். ஆனால் காருக்குச் சொன்னால் வாடகை ஓட்டம் என்று நினைப்பவர்களும் இருப்பார்கள்.

'ஸ்போர்ட்ஸ் கார்' என்பதை மட்டும் தொடவேண்டாம். 'விளையாட்டுக் கார்' என்றால் பிள்ளைக்குக் கடையில் வாங்கிக் கொடுப்பது. 'பந்தயக் கார்' என்றால் ஓடுகிற எல்லா வகையும் அடங்கிவிடும், சக்கரத்துக்கு மூடி போட்ட இந்த வகையை ஃபார்முலா காரிலிருந்து பிரித்துக் காட்டாது. ஓட்டத்தின் நடுவே கார்கள் டயர் மாற்ற நிற்கும் இடமான 'பிட்' என்பதை இயந்திர மொழிபெயர்ப்பு 'குழி' என்று போடும்போது நாமெல்லாரும் சிரிக்கிறோம். ஆனால் 1908இல் தியேப் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் டயரும் எரிபொருளும் வைத்துக்கொண்டு ஆட்கள் நிற்க, பாதையோரம் உண்மையாகவே குழி வெட்டியிருந்தார்கள்.