கிரோன் நோயும் மலிவான மாத்திரையும்

குடலில் தீராத அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் கிரோன் நோயோடு இந்த மாதமும் ஒருவர் வந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை. உப்பிய முகம், வற்றிய கைகால்கள், குடல் அடைப்பு. நீட்டிய மருந்துச் சீட்டு இரண்டு ஆண்டுகள் பழையது. அதில் ஸ்டீராய்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். "அதுதான் கேட்கிறது டாக்டர், விலையும் குறைவு" என்றார்.

கேட்பது வலியும் வயிற்றுப்போக்கும்தான், நோய் அல்ல. பிரெட்னிசலோன் என்ற அந்த ஸ்டீராய்டு அறிகுறிகளைச் சட்டென்று அடக்கிவிடும். குடல் சுவரின் புண் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நீங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே குடல் சுருங்கிக்கொண்டு வரும். வலி இல்லையென்றால் நோய் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? கூடவே எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், கண்புரை வரும். மாத்திரையில் மிச்சம் பிடித்த காசு அறுவை சிகிச்சைக் கட்டணத்தில் ஒரு மூலைக்கும் காணாது. அதற்காக, இதைப் படித்துவிட்டு நாளையே ஸ்டீராய்டை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அவர் ஒதுக்கிய அசதயோபிரின் (உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கி அழற்சியைக் குறைக்கும் மாத்திரை) ஒன்றும் எட்டாத விலை அல்ல. பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதற்குள் "கேட்கவில்லை" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். தொடக்கத்தில் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். நம்மவர்களில் சிலருக்கு மரபணு வேறுபாட்டால் வெள்ளணுக்கள் வேகமாகச் சரியும். முடி கொத்தாகக் கொட்டினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே வந்து காட்டுங்கள்.

அழற்சியைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசியின் கதை வேறு. முதல் ஊசிக்குப் பின் 2, 6ஆம் வாரங்களில், பிறகு 8 வாரங்களுக்கு ஒருமுறை. பணம் கிடைக்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்று இடையில் மாதக்கணக்கில் விட்டால், உடல் அந்த மருந்துக்கே எதிர்ப்பொருளை உருவாக்கிவிடும். மறுபடி போடும்போது ஒவ்வாமை வரலாம், பலிக்காமலும் போகலாம். எனவே முதல் ஊசிக்கு முன்பே ஓராண்டுச் செலவைக் கேளுங்கள். அதே வகை ஊசியான அடலிமுமாப்பின் ஒப்பு மருந்து (பயோசிமிலர்) 2014 முதல் இந்தியாவிலேயே கிடைக்கிறது, மூல மருந்தைவிட விலை மிகக் குறைவு. கேட்பதில் வெட்கம் வேண்டாம். இந்த ஊசிகள் உடலில் உறங்கும் காசநோயை எழுப்பிவிடலாம், எனவே எது போட்டாலும் காசநோய்ப் பரிசோதனையில் மட்டும் சிக்கனம் கூடாது. (குடல் காசநோயும் கிரோனும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்து எங்களையே திணறடிக்கும்.)

இஎஸ்ஐ அட்டை இருந்தால் சிறப்பு மருத்துவத்துக்குப் பரிந்துரை கேளுங்கள். தனியார் காப்பீடு எடுக்கும்போது நோயை மறைக்காதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 விதிப்படி, முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டுகள்தான். மறைத்தது தெரிந்தால் ஒரு ரூபாயும் வராமல் போகலாம்.

சிகரெட்டை விடுங்கள், இந்த நோயை அது நேரடியாகவே மோசமாக்குகிறது. முதுகுவலிக்கு டைக்ளோஃபினாக் வலி மாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். கையில் பணம் இல்லையென்றால் அதை எங்களிடம் முதலில் சொல்லுங்கள், தயவுசெய்து. வேறு மருந்து இருக்கலாம், வேறு வழி இருக்கலாம். நீங்களாக நிறுத்தினால் அந்தப் பேச்சுக்கே இடமிருக்காது. வரும்போது பழைய ஸ்கேன், பயாப்ஸி அறிக்கைகளையும் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் மறுபடி எடுக்கச் சொல்வோம், அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.