டயஸ்போரா: ஆப்பிரிக்கர் எப்போது ‘புலம்பெயர்ந்தனர்’?

‘ஆப்பிரிக்கன் டயஸ்போரா’ என்று எங்கே வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ‘புலம்பெயர் ஆப்பிரிக்கர்’ என்று எழுதும் பழக்கம் செய்தித் தமிழில் ஊறிவிட்டது. பிரேசிலின் பாஹியாவில் பல தலைமுறைகளாக வாழ்பவர், ஜமைக்கா மலையில் உள்ள மரூன் (தப்பியோடிய அடிமைகளின் வழியினர்) ஊர்க்காரர், அமெரிக்கத் தெற்கில் பருத்திக் காட்டில் அடிமையாய் உழைத்தவரின் கொள்ளுப்பேத்தி, போன ஆண்டு நைஜீரியாவின் லாகோஸிலிருந்து அமெரிக்காவின் ஹூஸ்டனுக்கு வேலைக்குப் போன பொறியாளர் என்று எல்லார் நெற்றியிலும் ஒரே முத்திரை. இவர்களில் கடைசி ஆளுக்கு மட்டும்தான் அது பொருந்தும்.

டயஸ்போரா கிரேக்கச் சொல். ‘டியா’ என்றால் பரவலாக, ஊடாக. ‘ஸ்பெய்ரோ’ என்றால் விதைத்தல், தூவுதல். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த அலெக்சாந்திரியா யூதர்கள் தங்கள் மக்கள் பல நாடுகளில் சிதறடிக்கப்பட்டதைக் குறிக்க இதை எடுத்தாண்டார்கள். ஆப்பிரிக்கரோடு சேர்த்து இச்சொல் ஆய்வுலகில் நிலைபெற, 1965-இல் தான்சானியாவின் டார் எஸ் சலாமில் கூடிய ஆப்பிரிக்க வரலாற்று மாநாட்டில் வரலாற்றாசிரியர் ஜார்ஜ் ஷெப்பர்சன் படித்த கட்டுரை முக்கியக் காரணம். சொல்லின் பிறப்புக்கு இவ்வளவு போதும். சிக்கல் தமிழில்தான்.

‘புலம்பெயர்’ பழைய சொல், அழகான சொல்லும்கூட. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும்போது ‘மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்’ என்கிறது. பல மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்தவர்கள் சோழர் துறைமுகத்தில் ஊராரோடு கலந்து இனிதாக இருந்தார்கள் என்று பொருள். இது கடல்வணிகம் செழித்த ஊரின் படம். வந்தவர்கள் காலில் விலங்கு இல்லை. 1983-க்குப் பிறகு ஈழத்தமிழர் இதே சொல்லை எடுத்து அதில் போரின் வலியை ஏற்றினார்கள். அப்போதும் கிளம்பியவர் ஒரு மனிதராகக் கிளம்பினார். எந்த நாட்டுக்குப் போவது என்று அவருக்கு முழுத் தேர்வு இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவரை யாரும் விலைச்சீட்டு ஒட்டி ஏற்றவில்லை.

இலக்கணமும் இதையே சொல்கிறது. பெயர்ந்தான் தன்வினை, பெயர்த்தான் பிறவினை. ‘புலம்பெயர்ந்தோர்’ என்று எழுதும்போது பெயர்ந்தவரே எழுவாய் ஆகிவிடுகிறார். பிடித்தவன், விற்றவன், கப்பல்காரன், வாங்கிய தோட்டக்காரன் எல்லாரும் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறார்கள். 1501-இலிருந்து 1866 வரை சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் அட்லாண்டிக் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள் என்பது கப்பல் பதிவுகளைத் தொகுத்த ஆய்வாளர்களின் மதிப்பீடு. உயிரோடு கரை இறங்கியவர் ஏறக்குறைய 1 கோடியே 7 லட்சம். இடைப்பட்ட 18 லட்சம் பேரும் ‘புலம்பெயரும் வழியில்’ இறந்தார்கள் என்று எழுதிப் பாருங்கள், சொல் எவ்வளவு கோணலாக உட்கார்கிறது என்று தெரியும்.

இது வெறும் இலக்கணச் சண்டை என்று சிலர் ஒதுக்குவார்கள். அமெரிக்காவில் இதே வழுக்கல் ஆங்கிலத்திலேயே நடந்து பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. டெக்சாஸ் மாணவர்கள் படித்த ஒரு புவியியல் பாடநூல், குடியேற்றம் பற்றிய பகுதியில், அடிமை வாணிகம் ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கான ‘தொழிலாளர்களை’ கொண்டுவந்தது என்று எழுதியிருந்தது. 2015-இல் ஒரு மாணவரின் தாய் அதைப் பொதுவெளியில் காட்டியதும் பதிப்பகம் வாசகத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. 2017-இல் அமெரிக்க வீட்டுவசதித் துறைச் செயலர் பென் கார்சன், அவரே கறுப்பினத்தவர், அடிமைக் கப்பலின் அடித்தட்டில் வந்தவர்களையும் குடியேறிகளோடு சேர்த்துப் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். அங்கே திருத்திக்கொண்ட பிழையை நாம் ‘புலம்பெயர்ந்தோர்’ என்ற பெயரில் இறக்குமதி செய்துகொண்டிருக்கிறோம்.

காலக்கணக்கையும் பாருங்கள். அமெரிக்காவுக்கு அடிமைகளைக் கொண்டுவருவது 1808-இல் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. அதன் பிறகும் திருட்டுத்தனமாகச் சிலரைக் கொண்டுவந்தார்கள் என்றாலும், பெரும்பாலான ஆப்பிரிக்க அமெரிக்கரின் முன்னோர் அதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்தவர்கள். நியூயார்க்கின் எல்லிஸ் தீவு திறந்ததோ 1892-இல். அந்த வழியாக வந்த இத்தாலியர், போலந்துக்காரரின் பேரப்பிள்ளைகள் தமிழ்ச் செய்தியில் ‘அமெரிக்கர்’. அவர்களுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே வந்தவரின் வழியினர் மட்டும் இன்னும் ‘புலம்பெயர்ந்தவர்’. இது எந்த ஊர் நியாயம்? இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழியினரான மலையகத் தமிழரை ‘புலம்பெயர் இந்தியர்’ என்று எழுதினால் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் எவ்வளவு கோபம் வரும் என்பது நமக்குத் தெரியும். மலையகம் என்ற சொல்லைத் தங்கள் பெயரில் அவர்கள் வற்புறுத்துவதே அந்த மண் தங்களுடையது என்று சொல்லத்தான்.

இந்த வேறுபாடு இன்று சட்டமாகவே பேசப்படுகிறது. அடிமைமுறைக்கான இழப்பீடு பற்றி ஆராய கலிபோர்னியா அமைத்த குழு, 2022 மார்ச்சில் 5-க்கு 4 என்ற வாக்கில் ஒரு முடிவு எடுத்தது: அடிமைப்படுத்தப்பட்டவர்களின் வழியினருக்கும், 19-ஆம் நூற்றாண்டு முடியுமுன் அமெரிக்காவில் வாழ்ந்த சுதந்திரக் கறுப்பினத்தவரின் வழியினருக்கும் மட்டுமே தகுதி. அண்மையில் நைஜீரியாவிலிருந்தோ கென்யாவிலிருந்தோ குடியேறியவர்கள் அதில் வரமாட்டார்கள். இந்தச் செய்திக்கு ‘புலம்பெயர் ஆப்பிரிக்கருக்கு இழப்பீடு’ என்று தலைப்பு வைத்தால், விலக்கப்பட்டவர்களையே பெறுபவர்கள் ஆக்கிவிடுகிறோம். தலைகீழ்ப் பிழை.

வேர் தேடுவதிலும் இருவருக்கும் வழி வேறு. குடியேறியவருக்குக் கடவுச்சீட்டு இருக்கிறது, ஊர்ப்பெயர் இருக்கிறது, தொலைபேசியில் பேச அத்தை இருக்கிறாள். அடிமைப்பட்டவரின் வழியினர் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பின்னோக்கிப் போனால் பெரும்பாலும் 1870-இல் முட்டி நிற்கிறார்கள். விடுதலை பெற்றவர்கள் பெயரோடு எழுதப்பட்ட முதல் கணக்கெடுப்பு அது. 1850, 1860 ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயரின் கீழே வயது, பால், நிறம் மட்டும்தான். பெயர் அநேகமாக இருக்காது. எனவே 1870-இல் கிடைத்த குடும்பத்தின் அக்கம்பக்கத்து வெள்ளைத் தோட்டக்காரர்களைப் பட்டியலிட்டு, அவர்களுடைய உயில், சொத்துப் பிரிவினை, விற்பனைப் பத்திரங்களில் அந்த வயதுக்குப் பொருந்தும் ஆளைத் தேட வேண்டும். குடும்பப் பெயரை மட்டும் நம்பினால் தவறும். எல்லாரும் கடைசி எஜமானின் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. மரபணுச் சோதனையோ இன்றைய மக்கள் மாதிரிகளோடு ஒப்பிட்டு ஒரு வட்டாரத்தைக் காட்டும், ஊரைக் காட்டாது.

சரி, மாற்று என்ன? ‘புலம்பெயர்க்கப்பட்டோர்’ என்று ஒட்டுப்போடலாமே என்பார்கள். கப்பலில் வந்த முதல் தலைமுறைக்கு அது சரி. பேரப்பிள்ளைகளை யார் பெயர்த்தார்கள்? அதோடு போரில் இடம்பெயர்ந்தோர், அகதிகள் என்ற பொருளோடும் போய் ஒட்டிக்கொள்ளும். ‘அயலகத்தார்’ அரசாணைச் சொல். தாய்நாட்டு அரசு ஒன்று இங்கிருந்து அங்கே பார்ப்பதுபோல ஒலிக்கும். எந்த அரசு இவர்களை அப்படிப் பார்த்தது? ‘ஆப்பிரிக்கப் பூர்வகுடியினர்’ என்று ஐ.நா. செய்திகளில் வருவது இன்னும் மோசம். ஐ.நா. 2015 முதல் 2024 வரை அறிவித்து, 2025-இல் மறுபடி தொடங்கிய பத்தாண்டு ஆப்பிரிக்க வழித்தோன்றல்களுக்கானது, பழங்குடிகளுக்கு அல்ல.

பொதுச்சொல்லாக நான் பரிந்துரைப்பது ‘சிதறுகுடி’. கிரேக்க வேரின் படம் அப்படியே இதில் இருக்கிறது. தமிழ் வேதாகமக்காரர்கள் இந்த முடிச்சை எப்போதோ அவிழ்த்துவிட்டார்கள்: யாக்கோபு நிருபத்தின் முதல் வசனத்தில் ‘சிதறியிருக்கிற பன்னிரண்டு கோத்திரங்களுக்கும்’ என்று வரும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது இதே டயஸ்போராதான். ‘சிதறுகுடி’ வினைத்தொகை, ஆகவே மூன்று காலத்தையும் தாங்கும். ஆப்பிரிக்க ஒன்றியத்தின் வரையறை, குடியுரிமை எதுவானாலும் கண்டத்துக்கு வெளியே வாழ்ந்து, கண்டத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்க முன்வரும் ஆப்பிரிக்க மூலத்தினரைச் சொல்கிறது. அன்று போனவர், இன்று போகிறவர் இருவரும் அதற்குள் வருவார்கள். அடிமை வாணிகத்தைத் தனியாகச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘சிதறுண்ட ஆப்பிரிக்கர்’ என்றால் போதும். கட்டுண்டான், அறையுண்டான், தள்ளுண்டான் என்பதுபோல ‘உண்’ சேர்ந்ததும் செய்தவன் வேறு ஒருவன் என்பது தெரிந்துவிடும். ஆளைக் குறிக்க ‘ஆப்பிரிக்க வழித்தோன்றல்’. ‘புலம்பெயர் ஆப்பிரிக்கர்’ என்பதை லாகோஸ் பொறியாளருக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை.

ஒரு சொல்லை எங்கும் ஒட்டும் சோம்பல் இதோடு நிற்பதில்லை. ‘ஹெரிட்டேஜ்’ என்றால் உடனே ‘பாரம்பரியம்’. பாட்டி வைத்தியமும் அதுவே, சிறுதானியமும் அதுவே, பட்டுப்புடவையும் அதுவே. ஆப்பிரிக்க வழித்தோன்றல் ஒருவர் கேட்பது தன் பூர்வீகம் எது என்பது. ‘பூர்வீகம் எந்த ஊர்?’ என்று பேச்சில் தினமும் கேட்கிற நாம் எழுதும்போது மட்டும் ஏன் அதை மறக்கிறோம்?

கானா 2019-ஐ ‘திரும்பும் ஆண்டு’ என்று அறிவித்தது. 1619-இல் வர்ஜீனியாவில் ஆப்பிரிக்கர் இறக்கப்பட்டு 400 ஆண்டு ஆனதை முன்னிட்டு. அதற்கு முன்பே, 2000-இல், ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள் அங்கே காலவரையின்றித் தங்க வழிசெய்யும் சட்டம் இயற்றியது. பெனின் 2024 செப்டம்பரில் ஒரு படி மேலே போய், சஹாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமையாகக் கடத்தப்பட்டவரின் வழியில் வந்தவர் என்று காட்டும் 18 வயது நிரம்பியவருக்குக் குடியுரிமையே தருகிறது. ஆவணமோ, உறுதிப்படுத்தப்பட்ட சாட்சியமோ, மரபணுச் சோதனையோ வேண்டும், வேறு ஆப்பிரிக்க நாட்டுக் குடியுரிமை இருக்கக் கூடாது. இவற்றையெல்லாம் ‘மீள்குடியேற்றம்’ என்று எழுதாதீர்கள். தமிழில் அந்தச் சொல் இலங்கைப் போருக்குப் பின் வன்னியில் முகாமிலிருந்து சொந்தக் காணிக்குத் திரும்பியவர்களுடையது. அட்லாண்டாவில் பிறந்து அக்ராவில் முதன்முறை கால் வைப்பவருக்குக் கானாவின் அந்த 2000 சட்டம் தருவது வசிப்புரிமை, பெனினின் சட்டம் தருவது குடியுரிமை. இரண்டும் வேறு வேறு.