தொப்புள்கொடி ரத்தத்துக்குத் தவணை கட்டும் முன்

தண்டையார்பேட்டையில் நான் பணிபுரியும் மகப்பேறு மருத்துவமனையில், ஏழாம் மாதப் பரிசோதனைக்கு வரும் தம்பதியர் சிலர் ஸ்கேன் அறிக்கையோடு கொடி ரத்தத்தைச் சேமித்துவைக்கும் தனியார் வங்கி ஒன்றின் வழவழப்பான கையேட்டையும் மேசைமேல் வைக்கிறார்கள். குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்தால் எண்பதுக்கும் மேற்பட்ட நோய்களுக்குப் பயன்படும் என்கிறது அது. துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்ப்பவர்கூட மாதத் தவணையில் இதற்குப் பணம் கட்டத் துணிகிறார்.

அந்த ரத்தத்தில் ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் இருப்பது உண்மைதான். 1988இல் பாரிஸில் மருத்துவர் எலியான் குளுக்மன் குழுவினர், ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோயால் அவதிப்பட்ட சிறுவனுக்கு அவன் தங்கையின் கொடி ரத்தத்தைச் செலுத்தி வெற்றி கண்டார்கள். அது தங்கையின் ரத்தம், அவனுடையது அல்ல. தலசீமியா போன்ற பரம்பரை நோயில், சேமித்த ரத்தத்திலும் அதே மரபணுக் குறை இருக்கும் என்பதால், குழந்தையின் சொந்த ரத்தம் அதற்கே உதவாது. ரத்தப் புற்றுநோயிலும், நோய்க்கு வித்தான மாற்றம் பிறக்கும்போதே அந்த அணுக்களில் இருந்திருக்கக்கூடும். போதாக்குறைக்கு, ஒரு பையில் கிடைக்கும் அணுக்கள் வளர்ந்தவரின் எடைக்குப் பெரும்பாலும் பற்றாது. பிற்காலச் சொந்த உபயோகத்துக்காகச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் கூறுவதைக் கையேடுகள் அச்சிடுவதில்லை.

“குப்பைக்குப் போகிற ரத்தம்தானே, டாக்டர்?” என்று கேட்பார்கள். விற்பனைப் பிரதிநிதி சொல்லிக்கொடுத்த வாசகம் இது. பிறந்தவுடன் கொடியைத் தொட்டால் விரலுக்கடியில் நாடி துடிக்கும். தடித்து நீலம் பாரித்திருக்கும் கொடி, சில நிமிடங்களில் வெளுத்துத் துவண்டுவிடும். அதற்குள், முதல் நிமிடத்திலேயே ஏறத்தாழ 80 மில்லிலிட்டர் ரத்தம் நஞ்சுக்கொடியிலிருந்து (பிளாசென்டா) குழந்தைக்குள் சென்றுவிடுகிறது. ஒரு நிமிடத்துக்கு முன் கொடியைக் கட்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதன் காரணம், இவ்வாறு சேரும் இரும்புச்சத்து குழந்தைக்குப் பல மாதங்கள் கைகொடுக்கும் என்பதே. ரத்தசோகையுள்ள கர்ப்பிணிகளை அன்றாடம் பார்க்கும் எனக்கு, பை நிறையவேண்டும் என்பதற்காகக் கொடியை அவசரமாகக் கட்டுவது ஒப்பவில்லை. ஏற்கெனவே பணம் கட்டியவர்கள், துடிப்பு அடங்கியபின் மிஞ்சுவதை மட்டும் சேகரித்தால் போதும் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.

ஒரு சூழலில் மட்டும் சேமிக்கும்படி நானே சொல்வேன். வீட்டில் மூத்த பிள்ளைக்குத் தலசீமியா போன்ற, ஸ்டெம் செல் மாற்றத்தால் குணமாகக்கூடிய நோய் இருந்து தாய் மீண்டும் கருவுற்றிருந்தால், பிறக்கும் குழந்தையின் திசுவகை மூத்த பிள்ளையின் திசுவகையோடு முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அக்குழந்தைக்கும் அதே நோய் இருக்கக்கூடாது. அத்தகைய குடும்பத்தினர் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே மூத்த பிள்ளையின் மருத்துவக் கோப்புடன் ரத்தநோய் நிபுணரைச் சந்தித்தால், கருவிலேயே பரிசோதிப்பதற்கும் சேகரிப்புக்கு ஏற்பாடு செய்வதற்கும் அவகாசம் இருக்கும்.