சர்ச் வாசலில் உச்சி வெயில்: கோடைக் கல்யாணத்தைப் படமெடுப்பதன் ஒளிக்கணக்கு

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையார் சொல்வதானால் லெந்து நாட்களில், தேவாலயங்களில் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த ஞாயிறிலும் வரலாம். அது முடிந்ததும் தேங்கிக் கிடந்த ஓலைகள் (கோயிலில் படிக்கும் திருமண அறிவிப்புகள்) எல்லாம் வரிசையாக வாசிக்கப்பட்டு, கல்யாணங்கள் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வந்து குவிகின்றன. பள்ளிக்கூட விடுமுறையும் அப்போதுதான். போதாக்குறைக்கு 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், சிறப்பு அனுமதி பெற்றவை தவிர மற்ற திருமணங்களைக் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் நடுவில் நடத்தச் சொல்கிறது. ஆக, பகல் வெளிச்சத்திலிருந்து போட்டோகிராபருக்குத் தப்பிக்க வழியே இல்லை.

பத்தரை மணித் திருப்பலி (பூசை) என்றால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பீடத்தின் முன் சொந்தங்களோடு நின்று, பொண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வர மணி பன்னிரண்டு ஆகிவிடும். கோவை பெரிய கடை வீதியில் உள்ள புனித மிக்கேல் பேராலயமானாலும் ஈரோட்டின் பிரப் நினைவு ஆலயமானாலும் கதை இதுதான். கோவையில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 12.20க்கு. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. கோவை இருப்பதோ 77 டிகிரியில். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 22 நிமிடம் பிந்துகிறது. அதாவது, கல்யாண நாளின் முக்கியமான படத்தை அந்த நாளின் மிக மோசமான வெளிச்சத்தில் எடுக்கும்படி நாட்காட்டியும் கடிகாரமும் சேர்ந்து ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றன.

கோவை 11 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 20ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் நேரே தலைக்கு மேல் வந்து நிற்கும். புருவ எலும்பின் நிழல் கண்குழியில் விழும், மூக்கின் நிழல் உதட்டில் விழும், நெற்றியும் கன்னமும் மட்டும் பளபளக்கும். மே நடுவில் இன்னொன்று நடக்கும், பலரும் கவனிக்காதது. நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்துவிடும். அடிவானத்திலிருந்து உயரம் சுமார் 82 டிகிரி. ஆறடி ஆளின் நிழல் பத்து அங்குலம்தான், அதுவும் தெற்கே விழும். தெற்குப் பக்கம் எப்போதும் வெயில் பக்கம் என்று பாடம் படித்தவர்கள் மே மாதத்தில் ஏமாறுவார்கள். அன்று தெற்குச் சுவரை ஒட்டித்தான் நிழல். மெல்லிய பட்டைதான் என்றாலும், தாழ்வாரமோ சன்ஷேடோ சேர்ந்தால் பத்துப் பேர் நிற்கலாம்.

வாசலில் என்ன நடக்கிறது என்பதற்கு எண்ணைப் பார்த்தால்தான் பிடிபடும். பழைய ஆலயத்தின் உள்ளே, பெஞ்சுகளுக்கு நடுவே வெளிச்சம் சுமார் 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). வெளியே உச்சி வெயிலில் 1,00,000 லக்ஸ். ஐந்நூறு மடங்கு. வெளிச்சம் இரண்டு மடங்காவதை ஒரு ஸ்டாப் என்போம். அப்படி ஒன்பது ஸ்டாப் வித்தியாசம், பத்தே எட்டில். கண் இதைப் பெரிதாகச் சொல்லாது, தானே அனுசரித்துக்கொள்ளும். கேமரா அனுசரிக்காது. உள்ளிருந்து வெளியே பார்த்து எடுத்தால் வாசல் வெள்ளைத் துணி விரித்த மாதிரி வெளிறிப் போகும். வெளியை நம்பி எடுத்தால் ஆட்கள் கரிய உருவங்களாக மட்டும் தெரிவார்கள்.

ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது: வாசற்படி நிழலின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்றடி உள்ளே. வெயில் நேராக விழாது. வெளியே காய்கிற சிமென்ட் முற்றமே ஒரு பெரிய விளக்காகி, கீழிருந்தும் முன்னாலிருந்தும் முகத்தில் ஒளியை எறியும். கண்குழி நிறைந்துவிடும். அங்கே தோராயமாக 5,000 லக்ஸ் இருக்கும். உள்ளேயிருந்து அது நாலரை ஸ்டாப் மேலே, வெயிலிலிருந்து நாலேகால் ஸ்டாப் கீழே. பின்னணியில் ஆலயத்தின் உட்புறம் இருண்டு போய்விடுவதால் வெள்ளைப் பட்டு தனித்துத் துலங்கும். "மாப்பிள்ளைங்க, ரெண்டு எட்டுப் பின்னால வந்து நில்லுங்க" என்ற ஒரு வாக்கியம் பத்தாயிரம் ரூபாய் லைட்டை மிச்சம் பண்ணும். பத்தடி பின்னால் போய்விட்டால் பலனில்லை. விளக்காக இருக்கிற முற்றம் அங்கிருந்து பார்க்கையில் சின்னதாகிவிடுவதால் வெளிச்சம் மளமளவென்று குறையும். தரை சிவப்பு ஆக்சைடு என்றால் தாடையின் அடியில் சிவப்பு ஏறும். அதற்கு வாசலுக்கு வெளியே படியில் ஒரு வெள்ளைத் துணி விரித்துவிடலாம்.

இந்த மூன்று இடங்களுக்கும் மூன்று செட்டிங்கை மேனுவலில் முன்கூட்டியே மோட் டயலில் பதிந்து வைப்பது நல்லது. எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் ஏற ஏறத் துளை சுருங்கும். நொடிக் கணக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரம், ஐஎஸ்ஓ சென்சாரின் ஒளியுணர்வு. உள்ளே எஃப் 2.8, 1/100 நொடி, ஐஎஸ்ஓ 1000. வாசலில் எஃப் 2.8, 1/250, ஐஎஸ்ஓ 100. முழு வெயிலில் எஃப் 8, 1/500, ஐஎஸ்ஓ 100. இவை தொடக்கப் புள்ளிகள்தான். திருப்பலிக்கு முக்கால் மணி முன்பே போய் அந்தந்த இடத்தில் ஒரு ஆளை நிறுத்திச் சரிபார்க்க வேண்டும். ஆட்டோவில் விட்டால் ஃபிரேமுக்குள் வாசல் கொஞ்சம் அதிகம் வந்தாலே கேமரா குழம்பி, அடுத்தடுத்த இரண்டு படங்கள் இரண்டு ஸ்டாப் மாறி நிற்கும்.

வெயிலில் நின்றே ஆகவேண்டும் என்று குடும்பம் அடம் பிடித்தால்? ஃபிளாஷை நம்பிப் போகிறவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். ஃபிளாஷ் முழுதாகப் பொருந்தும் ஷட்டர் வேகம் பெரும்பாலும் 1/200 அல்லது 1/250. அதில் வெயிலுக்கு எஃப் 11 தேவைப்படும். ஃபிளாஷின் சக்தியைச் சொல்லும் கைடு எண்ணை எஃப் எண்ணால் வகுத்தால் அது எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். 35 மில்லிமீட்டர் ஜூமில் கைடு எண் 36 உள்ள ஃபிளாஷ், எஃப் 11இல் மூன்றேகால் மீட்டர்தான் எட்டும். அதன்மேல் ஒளியைப் பரப்பும் துணிப் பெட்டியான சாஃப்ட்பாக்ஸ் மாட்டினால் இரண்டு ஸ்டாப் போய், தூரம் பாதியாகிவிடும். முழு சக்தியில் இருபது முப்பது முறை அடுத்தடுத்து அடித்தால் ஃபிளாஷ் சூடாகித் தானே நின்றுவிடும், அந்த வெக்கையில் இன்னும் சீக்கிரம். ஹை ஸ்பீடு சிங்க் (இன்னும் வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷ் பொருந்தும் முறை) போட்டு எஃப் 2.8க்கு இறங்கினாலும் அந்த முறையிலேயே ஃபிளாஷின் சக்தி பெருமளவு வீணாகும். மலிவான தீர்வு நாலு முழ வெள்ளை வேட்டி. ஒற்றை மடிப்பில் இரண்டு பேர் தலைக்கு மேல் இழுத்துப் பிடித்தால் ஒன்றிரண்டு ஸ்டாப் வெயிலை விழுங்கி, மிச்சத்தைப் பரப்பிவிடும். நிழலின் கூர்மை போய்விடும். பின்னணியில் வெயில் விழும் சுவர் இருந்தால் மட்டும் அது கொஞ்சம் வெளிறும்.

இனி உள்ளே. பீடத்தருகே எங்கே நிற்கலாம், எழுந்தேற்றத்தின்போது (அப்பமும் ரசமும் உயர்த்தப்படும் வேளையில்) ஃபிளாஷ் அடிக்கலாமா என்பதைப் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ முந்தின நாளே கேட்டுவிட வேண்டும். ஃபிளாஷை மேலே திருப்பி அடிக்கும் உத்தி மண்டபத்தின் பத்தடிக் கூரைக்குச் சரி, பழைய ஆலயத்துக்கு உதவாது. கூரை 10 மீட்டர் என்றால் ஒளி மேலே போய்த் திரும்பி வர ஏறக்குறைய 18 மீட்டர் நடக்கிறது, மண்டபத்தில் 5 மீட்டர். தூரத்தின் வர்க்கத்துக்கு ஒளி தேய்வதால் 13 மடங்கு சக்தி கூடுதலாக வேண்டும். கூரை மரம் என்றால் திரும்புகிற கொஞ்சநஞ்சமும் பழுப்பேறி வரும்.

தாலி கட்டும் நேரம் சில நொடிகள். முடிச்சில் உதவ நாத்தனார் குனிவார், பின்னாலிருந்து நாலு கைப்பேசிகள் நீளும். இங்கே பலரும் 85 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.8இல் திறந்து வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு மீட்டரில் அதன் கூர்மை ஆழம் (கூர்மையாகத் தெரியும் முன்பின் தூரம்) ஆறு சென்டிமீட்டர். மாப்பிள்ளையின் விரல் கூர்மையாக இருந்தால் பொண்ணின் கண் மங்கும். எஃப் 4க்கு வந்தால் பதின்மூன்று சென்டிமீட்டர் கிடைக்கும், ஐஎஸ்ஓ 2000 ஆகும். நுண்புள்ளிகள் கொஞ்சம் தெரியட்டும், போகஸ் தவறிய தாலியை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

வெள்ளைப் பட்டும் கறுப்புக் கோட்டும் அருகருகே நிற்பதுதான் சர்ச் கல்யாணத்துக்கே உரிய சிக்கல். கேமராவின் ஒளிமானி எதிரே இருப்பது நடுச் சாம்பல் என்று எண்ணிக்கொள்ளும். வெள்ளைப் பட்டு ஃபிரேமை நிறைத்தால் அதையும் சாம்பலாக்கிவிடும். மாப்பிள்ளையின் கோட்டு நிறைத்தால் அதையும் சாம்பலாக்கும், பக்கத்தில் உள்ள பட்டு வெந்துபோகும். பட்டின் மேல் ஸ்பாட் மீட்டரிங் (ஃபிரேமின் ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் முறை) வைத்து, அது காட்டும் அளவைவிட ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் கூட்டுவதே நேர்வழி. ஜரிகையில் மின்னும் புள்ளிகள் வெடித்தால் கவலை வேண்டாம், அவை கண்ணாடி போல விளக்கைத்தான் திருப்பிக் காட்டுகின்றன. நெசவு மட்டும் மறையக் கூடாது. சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் குறிப்பிட்ட அளவு மின்னூட்டம்தான் தாங்கும், அது நிரம்பிய பிறகு வரும் ஒளி பதிவாகாது. இருட்டில் விழுந்ததை ரா கோப்பிலிருந்து (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) இரண்டு ஸ்டாப் தூக்கலாம், நிரம்பி வழிந்ததை இறக்க முடியாது. முகத்தைச் சிவப்பாகக் காட்டுகிறோம் என்று எக்ஸ்போஷரை ஏற்றிப் பொண்ணை வெளுக்க வைக்கும் வழக்கம் ஸ்டுடியோக்களில் இன்னும் இருக்கிறது. அதில் முதலில் அழிவது பட்டின் நெசவு, அடுத்தது பொண்ணின் சாயல்.

வியர்வை இன்னொரு கண்ணாடி. தோல் ஒளியைச் சிதறடிக்கும், வியர்வைப் படலம் நேராகத் திருப்பும். விளக்கு சின்னதாக இருந்தால் நெற்றியில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும், பெரிதாக இருந்தால் அதே பளபளப்பு பரவி மட்டுப்படும். டிஷ்யூவால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள், துடைத்தால் மேக்கப் வந்துவிடும்.

சாயங்காலம் ஊரின் பழைய வீதிகளில் படமெடுக்கப் போகிறவர்களுக்குக் கணக்கு மறுபடி மாறும். மே நடுவில் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை, சுமார் இருபது டிகிரி வடக்கே தள்ளி, 6.40ஐ ஒட்டி மறையும். அதனால் கிழக்கு மேற்காகப் போகும் தெருவில் தென்வரிசைக் கட்டடங்களின் வடக்குப் பார்த்த முகங்களில் கடைசி வெயில் படும். வேலை நேரம் ஐந்தரை தொடங்கி. ஐந்தரைக்குச் சூரியன் 15 டிகிரி உயரத்தில் இருக்கும், தெரு குறுகலானால் அதற்குள்ளேயே எதிர்வரிசை மறைத்துவிடும். கோவை டவுன்ஹால் கட்டடம் 1892இல் எழுந்தது. அதைச் சுற்றி நெருக்கமாக நிற்கும் கடைகளின் சுவர்ச் சாயம் முகத்தில் விழும், பச்சைச் சுவருக்கு எதிரே நிற்க வைக்காதீர்கள். நம் பக்கம் அந்தி குறுகியது. பொழுது சாய்ந்து அரை மணி நேரத்தில் வானத்தின் நீலம் போய்விடும். கோடை இடியும் மழையும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் வரும், குடையோடு நிற்கும் லைட் ஸ்டாண்டைப் பாய்மரம் போலக் கவிழ்க்க மழைக்கு முந்திய காற்று ஒன்று போதும். ஸ்டாண்டின் காலில் மணல் பை கட்டாமல் தெருவில் வைக்கக் கூடாது. பேட்டரியையும் ஃபிளாஷையும் நிறுத்திய காரில் விடக் கூடாது. கேமராக்களுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் சொல்லும் வரம்பு 40 டிகிரி, மூடிய கார் அதை எளிதாகத் தாண்டும்.

வரவேற்பு மேடையில் எதிரி எல்இடி. மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை மங்கித் துலங்கும். ஒரு மங்கலிலிருந்து அடுத்த மங்கலுக்கு 10 மில்லி நொடி. சத்தமில்லாத மின்னணு ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. அதற்கு 20 மில்லி நொடி ஆகிறது என்றால் படத்தில் இரண்டு இருண்ட பட்டைகள் குறுக்கே விழும். 1/100 நொடி வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழுச் சுற்று வெளிச்சம் கிடைக்கும், பட்டை மறையும். 1/50உம் சரி. 1/125இல் சுற்றின் ஒரு பகுதி விடுபடும். மெக்கானிக்கல் ஷட்டரில் பட்டைகள் இப்படித் தெளிவாக விழாது, ஆனால் வேகமான ஷட்டரில் அடுத்தடுத்த படங்களின் வெளிச்சமும் நிறமும் மாறிக்கொண்டே இருக்கும்.

ஊதா, நீல பார் லைட் (மேடையின் வண்ண விளக்கு) அதைவிடப் பொல்லாதது. அதில் நிறமாலையின் ஒரு குறுகிய துண்டுதான் இருக்கிறது. தோலின் மற்ற நிறங்களைத் திருப்பித் தர அங்கே ஒளியே இல்லை, நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸ் இல்லாததை உண்டாக்காது. நீலச் சேனல் மட்டும் நிரம்பி வழிந்து முகம் பிளாஸ்டிக் மாதிரி ஆகும். குடும்பப் படங்கள் முடியும்வரை முன்வரிசை விளக்குகளை வெள்ளையில் வைக்கும்படி லைட்காரரிடம் சொல்லிவிடுங்கள், "அண்ணா, அரை மணி நேரம் மட்டுங்க" என்றால் மறுக்க மாட்டார். பின்னால் எல்இடி திரை இருந்தால் ஜோடியை அதிலிருந்து எட்டடியாவது முன்னால் நிறுத்துங்கள், திரையின் புள்ளி வரிசையும் சென்சாரின் பிக்சல் வரிசையும் மோதி உண்டாகும் அலைக்கோலம் போகஸ் மங்கும்போது கரையும். டிஜே லேசர் கதிர் லென்ஸுக்குள் நேராக வந்தால் சென்சாரில் நிரந்தரக் கோடு விழலாம், அந்த நேரத்தில் கேமராவை வேறு பக்கம் திருப்புங்கள்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடினால் மறுபடி சோதித்துப் பாருங்கள். சுமை ஏறி இறங்கும்போது அதன் சுற்று 50இல் நிற்காமல் நகரும், 1/100இல் காணாமல் போயிருந்த பட்டை லேசாகத் தலைகாட்டும். பல புதிய கேமராக்களில் ஷட்டரை நுண்ணிய படிகளில் நகர்த்தும் வசதி உண்டு. 1/98, 1/103 என்று திரையைப் பார்த்தபடி திருகி, பட்டை மறையும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அந்த வசதி இல்லாவிட்டால் 1/50க்கு இறங்கி, ஜோடியை ஒரு நொடி அசையாமல் நிற்கச் சொல்லி எடுக்க வேண்டியதுதான்.