ஓட்டை உண்டு, ஒழுகாது

"கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் பைக்கைத் தள்ளிக்கொண்டுதான் சுற்றிப் போகவேண்டும் சார். வாட்டர்ப்ரூஃப் சாக்ஸ் விற்கிறார்களே, அது வேலை செய்யுமா? பாலிதீன் கவரைக் கட்டிக்கொண்டால் போதாதா?" வியாசர்பாடியில் டெலிவரி வேலை பார்க்கும் ஒரு தம்பியின் கேள்வி இது.

கவர் தண்ணீரைத் தடுக்கும், சரி. ஆனால் உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கி நெருக்கி இருக்கின்றன. கொஞ்ச நேரத்தில் கவருக்குள்ளேயே தனி மழை. விரலிடுக்கு எதில் ஊறினால் என்ன, சேற்றுப்புண் வந்துவிடும்.

சாக்ஸில் வெளியே நைலான், உள்ளே மெத்தென்ற பின்னல், நடுவில் ஒரு சவ்வு. காரியம் முழுக்க அந்தச் சவ்வுடையது. பல சாக்ஸ்களில் அது ஓட்டையே இல்லாத பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் படலம். நீர் மூலக்கூறுகள் அதில் கரைந்து, ஊர்ந்து வெளியேறும். எனக்குப் பிடித்தது இன்னொரு வகை: நான்-ஸ்டிக் தவாவில் பூசும் டெஃப்லானால் ஆன சவ்வு. 1969-இல் அமெரிக்கப் பொறியாளர் பாப் கோர், சூடாக்கிய டெஃப்லான் தண்டை மெதுவாக நீட்டிப் பார்த்தார். அறுந்தது, மறுபடியும் அறுந்தது. வெறுத்துப்போய் வெடுக்கென்று இழுத்தார். பல மடங்கு நீண்டது! உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள்.

ஓட்டை இருந்தும் ஏன் ஒழுகவில்லை? டெஃப்லான் மேல் தண்ணீர் பரவாது. தாமரை இலையில் போல உருண்டு நிற்கும். துளைக்குள் நுழைய வேண்டுமானால் தண்ணீரின் பரப்பு வளைந்து பிதுங்க வேண்டும். துளை சிறுக்கச் சிறுக்க அதற்கான அழுத்தம் ஏறும். ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளைக்குக் கணக்குப் போட்டேன்: ஏறக்குறைய 10 மீட்டர் உயரத் தண்ணீர் அழுத்தினால்தான் நுழையும். மூன்று மாடி! ஆனால் நீராவி தனித்தனி மூலக்கூறு. மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்து நீரின் பரப்பை விறைப்பாக வைக்கிற பரப்பு இழுவிசை என்பது கூட்டத்துக்குத்தான், ஒற்றை மூலக்கூறுக்குக் கிடையாது. பழைய 144 தடை உத்தரவு மாதிரிதான்: கும்பலாக வந்தால் நிறுத்துவார்கள், ஒற்றை ஆள் நடந்து போகலாம்.

அப்புறம் நம்ம ஊர்ச் சிக்கல். சோப்பு கலந்த சாக்கடை நீருக்குப் பரப்பு இழுவிசை குறைவு. எண்ணெயோ டெஃப்லானில் ஒட்டிப் பரவும். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததே, அப்படிப்பட்ட தண்ணீரில் வெறும் டெஃப்லான் சவ்வு தோற்றுப்போகும். அதனால்தான் அதன்மேல் பாலியூரித்தேன் பூசுகிறார்கள்.

இன்னொன்று காற்றின் ஈரம். 35 டிகிரியில் வியர்த்த காலைச் சுற்றி நீராவி அழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். 5 டிகிரிக் குளிர் ஊரில் வெளியே 0.9-ஐத் தாண்டாது. 26 டிகிரி அடைமழைச் சென்னையில் அது 3.2 இருக்கும். நீராவியை வெளியே தள்ளுவது இந்த வித்தியாசம்தான். இங்கே அது பாதியாகிவிடுகிறது. குளிர்நாட்டு மலையேறிகளுக்காகச் செய்ததை நாம் மாட்டிக்கொண்டால் கால் கொஞ்சம் புழுங்கத்தான் செய்யும். அடையாறில் 1948 முதல் தோல் (லெதர்) ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த வெக்கையில் சாக்கடைத் தண்ணீரில் நிற்கும் துப்புரவுத் தொழிலாளியின் காலை மனத்தில் வைத்து ஒரு காலுறை செய்ய அங்கே பணம் ஒதுக்கினால், என் வரிப்பணம் போவதில் எனக்கு வருத்தமே இல்லை.

தம்பிக்குப் பதில்: கணுக்கால் தண்ணீர் வரை வாங்கலாம், கவரைவிட மேல். முழங்கால் தண்ணீரில் இறங்காதீர்கள். சாக்ஸின் மேல்வாய் வழியாக உள்ளே போன தண்ணீரையும் அந்தச் சவ்வு வெளியே விடாது.